கண்ணால் எடை போட்டவர்

என் பெயரைக் கேட்பதற்கு முன்னால் என் எடையைச் சொன்னவர் அவர்.

"அறுபத்தெட்டு. செருப்பக் கழட்டினா கொஞ்சம் கம்மி. அத்த வுடு, இந்த ஆதார் கார்ட ரெண்டு பக்கமும் ஒரே தாளுல எடுத்துக் குடு."

செஞ்சி சந்தைமேட்டுக்கு எதிரே நான் ஜெராக்ஸ் கடை போட்ட புதிது. வாசலை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றார். அவருக்குப் பின்னால் வெயில் இருந்தது. அது உள்ளே வர அவர் இடம் தரவில்லை. தோளில் துண்டு, கையில் சுருட்டிய கயிறு, கயிற்றின் மறுமுனையில் ஒரு வெள்ளாடு. அது என் படியில் கிடந்த பழைய கேள்வித்தாளை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. அன்று மாலை பக்கத்து மருந்துக்கடை எடைமேடையில் ஏறிப் பார்த்தேன். அறுபத்தெட்டு. செருப்பைக் கழற்றிப் பார்க்கவில்லை. முழுதாகத் தோற்க மனம் வரவில்லை.

சந்தைக்கே அவர் அக்கா. அவரைவிட மூத்த கிழவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆட்டுத் தரகு அவர் வேலை. வெள்ளிக்கிழமை விடிவதற்குள் தொண்டூர்ப் பக்கத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் ஆடுகள் வந்து இறங்கிவிடும். தூசி, கத்தல், மூத்திர வாடை, டீ வாடை. எங்கள் சந்தையில் ஆட்டைத் தராசில் நிறுத்தி விற்பதில்லை. ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும், இது இத்தனை கிலோ தேறும் என்று. அந்த வாய்ச்சொல்லின் மேல்தான் விலை ஏறி உட்காரும். சொன்னது ஒருமுறை பிசகினால் பொறுப்பார்கள். அடுத்தடுத்துப் பிசகினால் அடுத்த வெள்ளிக்கிழமை யாரும் ஆட்டுக் கயிற்றைக் கையில் கொடுக்க மாட்டார்கள். ஒரு தரகருக்கு உலகம் முடிவது அப்படித்தான், வெறுங்கையில்.

அக்கா ஆட்டைப் பார்க்கும் அழகைப் பார்க்கவே நான் கடையைத் தாமதமாகத் திறப்பேன். முதலில் பின்னாலிருந்து, தொடையை. பிறகு மேலிருந்து, முதுகை. அதற்கப்புறம்தான் இரண்டு விரலை முதுகெலும்பின் மேல் வைப்பார்.

"பார்வதான் முக்காவாசி. வெரலு சும்மா, ஆட்டுக்கு ஒரு மரியாத."

ஆனால் அவரை அவராக்கியது இந்த வித்தை இல்லை. பந்தயம். "இன்னா பந்தயம்?" என்பதுதான் அவருடைய வணக்கம், நலம் விசாரிப்பு, சமாதானக் கொடி, சண்டை அறிவிப்பு எல்லாம். திருவண்ணாமலை பஸ் முதலில் வருமா, மழை முதலில் வருமா? பந்தயம். இந்தக் கல்யாணப் பெண் மேடையில் அழுவாளா? பந்தயம். காசு மட்டும் கட்ட மாட்டார்.

"துட்டக் கட்டினா சண்ட வரும்டா தம்பி. மானத்தக் கட்டினா சிரிப்பு வரும்."

டீக்கடைக்காரர் ஒருமுறை ஓர் ஆட்டின் எடையில் அவரிடம் தோற்றார். தண்டனை: தன் கடை வாசலில் நின்று, தன் டீயைத் தானே பழித்து மூன்று முறை கத்த வேண்டும். "என் கடை டீ கழனித்தண்ணி!" என்று அவர் கத்த, உள்ளே குடித்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்ட, அன்று அவருக்கு வியாபாரம் இரட்டிப்பானது. அக்காவிடம் தோற்றவர்கள்கூட ஏதோ ஜெயித்தது போலத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

தன் எடையையும் அவரே அறிவிப்பார். "நூத்தி ரெண்டு! சந்தையில எனக்கு மேல வெயிட்டு எரும மாடுதான்." சொல்லிவிட்டு இடுப்பில் கைவைத்து நிற்பார், கோட்டை மலைக்குப் பக்கத்தில் இன்னொரு மலை எழும்பியது போல. சர்க்கரை நோய் அவருக்குப் பல வருடமாக இருந்தது. அதை ஊரிலிருந்து வந்து தங்கிவிட்ட உறவுக்காரியைப் போல நடத்தினார். எப்போதாவது ஒரு மாத்திரை, எப்போதாவது ஒரு திட்டு.

"கொஞ்சம் ஒடம்பக் கொறைக்கலாம்ல அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கொறச்சா எவன்டா கயிறு குடுப்பான்? எலும்பும் தோலுமா நிக்கிறவ கையில ஆட்டக் குடுத்தா ஆடும் எலும்பாத்தான் தெரியும். இந்த ஒடம்பு என் போர்டுடா, போர்டு."

அது அவருடைய நம்பிக்கை மட்டும் இல்லை, சந்தையின் நம்பிக்கை. தரகர் நிறைந்து நின்றால் ஆடும் நிறைந்து தெரியும். இளைத்தவர் கையில் ராசி இருக்காது.

அவர் வலது உள்ளங்கையில் கயிறு உரசி ஒரு காயம் பட்டது. சின்னக் காயம். வாரங்கள் போயும் அது சிவந்து, தடித்து, தொட்டால் சுட்டது. ஈறுகள் வீங்கின. சாயங்காலங்களில் பாதம் செருப்புக்குள் போக மறுத்தது. அவர் எதையும் கவனிக்கவில்லை, கவனித்தது ஒன்றைத்தான்.

"இன்னாடா இது, ஆட்டு மயிரு கண்ணு முன்னாடியே பறக்குது!"

கையால் காற்றைத் துடைப்பார். முகத்தில் தண்ணீரை அடித்துக் கழுவுவார். ஆடுகளைத் திட்டுவார், இந்த வருஷம் ஏன் இப்படிக் கொட்டுகிறீர்கள் என்று. கண்ணுக்கு முன்னால் கறுப்பு இழை மிதந்தால் வேறு யாராக இருந்தாலும் கண்ணைச் சந்தேகித்திருப்பார்கள். வாழ்நாள் முழுக்க ஆட்டு மயிருக்கு நடுவே நின்றவர் ஆட்டைத்தான் சந்தேகித்தார். ஒரு துண்டை மூக்குக்கு மேலே கட்டிக்கொண்டுகூட ஒரு வெள்ளிக்கிழமை சந்தைக்கு வந்தார். அந்த வெள்ளிக்கிழமைதான் முதல் முறையாக ஒரு பந்தயத்தில் தோற்றார். கறிக்கடைத் தராசில் நாலு கிலோ பிசகு. "மேகம் மறைச்சிடுச்சு" என்றார். வானம் சலவைக்குப் போட்டு எடுத்தது போல இருந்தது.

அடுத்த வாரம் பேரம் நடுவில் பேச்சை நிறுத்தினார். அவர் பேச்சை நிறுத்தி நான் பார்த்ததில்லை. கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி, தலையைத் திருப்பாமல், மெதுவாகக் கூப்பிட்டார்.

"தம்பி. இங்க வா. கலாட்டா பண்ணாத. எடது கண்ணுல யாரோ மசிய ஊத்திட்டாங்கடா. செகப்பா, கறுப்பா எறங்குது."

மகன் பெங்களூரில் வேலையில் இருந்தான். கூடப் போக ஆள் வேண்டும். நான் போனேன். புதுச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரி. கண்ணில் சொட்டு விட்டு, கண்பாவையை விரித்து, இருட்டு அறையில் ஒரு கருவிக்கு முன்னால் அவர் தாடையை வைக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். திரையில் வலது கண்ணின் உட்புறம் தெரிந்தது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு நிலா, அதில் செந்நிறக் கிளைகள், கிளைகளுக்கு நடுவே ரத்தப் புள்ளிகள், மஞ்சள் திட்டுகள். இடது கண்ணில் நிலாவே இல்லை. கிரகணம்.

டாக்டர் இளம்பெண். அக்கா வயதில் பாதி இருப்பார். விரலால் திரையைத் தொட்டுச் சொன்னார். "பல வருஷ சர்க்கரை இந்த ரத்தக்குழாய் எல்லாத்தையும் பழுதாக்கிடுச்சும்மா. வலதுல கசியுது. இடதுல புதுசா மொளச்ச குழாய் ஒடஞ்சு ரத்தம் கொட்டியிருக்கு. ஊசி போடணும், லேசர் வைக்கணும். சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள்ள வரணும். எடையும் கொறையணும்."

"மத்தது புரிஞ்சிது. எடைக்கும் கண்ணுக்கும் இன்னாம்மா சம்மந்தம்? வயிறு இங்க இருக்குது, கண்ணு அங்க இருக்குது."

டாக்டர் சிரிக்கவில்லை. அக்காவின் வலது கையைத் திருப்பி அந்தப் பழைய காயத்தைத் தொட்டார். "இது செவந்து, வீங்கி, சூடா இருக்குதில்ல? இதுதான் அழற்சி. இது வெளிய தெரியுது. வயித்தச் சுத்தி இருக்கிற கொழுப்பு சும்மா கெடக்கிற மூட்டை இல்லம்மா. உள்ளுக்குள்ள இதே மாதிரி சத்தமில்லாமக் கனன்றுகிட்டே இருக்கும். அந்தக் கனப்பு ரத்தத்தோட ஒடம்பு முழுக்கப் போவுது. ஏற்கெனவே நொந்துபோன கண்ணு ரத்தக்குழாய் அதையும் தாங்கணும். எடை மட்டுமே காரணம்னு நான் சொல்லல. ஆனா அதுக்கும் பங்கு இருக்கு."

அக்கா நீண்ட நேரம் தன் வயிற்றையே பார்த்தார். ஓர் ஆட்டைப் பார்ப்பது போல, மேலிருந்து.

"சந்தைக்குக் கொண்டாற ஆட்டுக்கு உப்பு குடுத்துத் தண்ணி காட்டுவானுங்கம்மா, வயிறு ரொம்பட்டும்னு. பொய் எடை. அதுமாதிரியா இது?"

"பொய் இல்லம்மா. நெஜ எடைதான். ஆனா உங்களுக்கு எதிரா வேலை பாக்கிற எடை."

"அப்ப போன பார்வ வருமா?"

"ரத்தம் வடிஞ்சா தெளியும். முழுசா வரும்னு சொல்ல முடியாது. மிச்சம் இருக்கிறதக் காப்பாத்தலாம். இப்படியே விட்டா ரெண்டும் போயிடும்."

நான் தரையைப் பார்த்தேன். பார்வை போனால் அக்காவுக்கு என்ன மிச்சம்? ஆனால் பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னா பந்தயம்?"

"என்னம்மா?"

"அடுத்த தடவ வரும்போது எத்தினி கிலோ கொறையணும்? நீங்களே சொல்லுங்க. நான் கொறைக்கிறன்."

"பந்தயம் எல்லாம் நான் கட்ட மாட்டேம்மா. மூணு நாலு கிலோ, மெதுவா கொறஞ்சா போதும்."

"தம்பி, தலைய ஆட்டினாங்க பாத்தியா? கட்டிட்டாங்க."

கண்ணுக்குள் ஊசி என்றதும் எனக்குத்தான் மயக்கம் வந்தது. அவர் வெளியே வந்து, ஒரு கண் கட்டோடு, "எறும்பு மாதிரிதான்டா" என்றார். லேசர் வைத்த அன்று பச்சை மின்னலாக அடித்ததாம். இவ்வளவு மின்னலுக்கு ஒரு சொட்டு மழை இல்லையே என்று டாக்டரிடம் புகார் செய்திருக்கிறார்.

அடுத்த முறை போகும்போதுதான் அந்தக் கூத்து. பஸ்ஸில் பேச்சு குழறியது. வியர்வை சொட்டச் சொட்ட நனைந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, யாருடைய ஆடு நீ என்று கேட்டார். கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தி, எதிர்க் கடையில் சர்க்கரை போட்டு இரண்டு டம்ளர் டீ வாங்கி வந்தார். குடித்துத் தெளிந்ததும் உண்மை வெளியே வந்தது. கறிக்கு ஆடு அறுக்கிறவர்கள் முந்தின இரவே தீனியை நிறுத்திவிடுவார்கள். வயிறு காலியாகி எடையும் இறங்கிவிடும். அக்கா தனக்கும் அதையே செய்திருந்தார். சோறில்லை, தண்ணீரும் இல்லை. ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும், டாக்டர் சொன்னாரே என்று, பக்தியோடு போட்டுக்கொண்டிருக்கிறார்.

டாக்டர் முகம் சிவந்தது. "உசுரோட வெளையாடுறீங்களா? சர்க்கரை இப்படித் தடால்னு எறங்குனா ஆளே போயிடலாம். வேகவேகமாக் கொறச்சாலும் கண்ணு இன்னும் கெடும். மெதுவான்னு சொன்னேன்ல?"

"எடை எறங்கிச்சா இல்லியா?"

"இது செல்லாது!"

அக்காவை ஒருவர் திட்டி நான் கேட்டது அதுதான் முதல் முறை. அக்கா ஒரு பிள்ளையைப் போலத் தலையைத் தொங்கப்போட்டார். பிறகு சொன்னார்: "நாயம்தான். கள்ள ஆட்டம் ஆடினன். மறுபடி மொதல்ல இருந்து."

அன்றிலிருந்து தொடங்கியது எங்கள் ஊர் பார்த்த பெரிய ஆட்டம். ஆடு பார்க்க ஷேர் ஆட்டோவில் போனவர் நடந்து போனார். முதலில் சந்தைமேட்டு முனை வரை, மூச்சு வாங்க, கல்லில் உட்கார்ந்து உட்கார்ந்து. பிறகு ஏரிக்கரை வரை. பிறகு பக்கத்து ஊர். சோறு மலையாக இருந்த தட்டில் கீரையும் பயறும் ஏறின. சோறு ஓரத்துக்குப் போய் ஒடுங்கியது. மாத்திரை நேரத்துக்கு உள்ளே போயிற்று. ரொட்டிக் கடையைத் தாண்டும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "உன்ன நான் பாக்கல" என்று சொல்லிவிட்டு நடப்பார். உள்ளங்கைக் காயம் ஆறி வெளுத்தது. பாதம் செருப்புக்குள் போயிற்று. தினமும் காலையில் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் மலையைப் பார்ப்பார், பிறகு மாற்றிப் பார்ப்பார். டாக்டர் சொன்ன பாடம். இடது கண்ணில் மசி கரைந்தது. ஓரத்தில் ஒரு கறை தங்கிவிட்டது, போகவில்லை. "அது இருக்கட்டும்டா, வாடக குடுக்காத ஆளு" என்றார்.

ஆஸ்பத்திரி எடைமேடையில் அவர் ஏறி நின்று, முள்ளைப் பார்க்காமலே தன் எடையைச் சொல்லி, அது சரியாக இருந்த நாளில் டாக்டர் எழுந்து நின்று கைகொடுத்தார். வலது கண்ணின் கசிவு அடங்கியிருந்தது. "ஆனா கனம் மட்டும் தூக்காதீங்கம்மா. குனிஞ்சு மூச்சப் பிடிச்சுத் தூக்குனா இடது கண்ணு மறுபடி ரத்தம் கொட்டலாம். இப்ப அது பச்சப் புள்ள."

ஆனால் சந்தை கைகொடுக்கவில்லை.

இளைத்துவிட்டார் அல்லவா. ஜாக்கெட் தோளில் தொங்கியது, கன்னம் ஒட்டியது. "இன்னாக்கா, சீக்கா?" என்று மெதுவான குரலில் கேட்டார்கள். சந்தையில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. அந்த மெதுவில்தான் எனக்குப் பயம் வந்தது. கண் போய்விட்டது என்று பேச்சு பரவியது. கயிறுகள் ஒவ்வொன்றாக அவலூர்பேட்டைத் தரகர் கைக்குப் போயின. நல்ல வாய்ச்சாலகர் அவர், மோட்டார் சைக்கிளும் கூலிங் கிளாஸுமாக. அக்கா புளியமரத்தடியில் வெறுங்கையோடு நின்றார். ஒரு வெள்ளி. இன்னொரு வெள்ளி. கண்ணைக் காப்பாற்றி வந்தவருக்குப் பார்க்க ஆடு இல்லை.

பக்ரீத்துக்கு முந்தின சந்தை. கால் வைக்க இடமில்லை. அவலூர்பேட்டைக்காரர் எல்லோரும் கேட்கத்தான் சொன்னார்.

"இன்னாக்கா, இந்தக் கூட்டத்துல வந்து இடிபடுற? ஊட்டுல குந்தி டிவியக் கேளு. பாக்கத்தான் முடியாதே."

சிரிப்பு எழுந்தது. அக்காவும் சிரித்தார். இடுப்பில் கை போயிற்று.

"இன்னா பந்தயம்?"

"தோ, அந்தக் கறுப்புக் கிடா. தொண்டூர்காரரு இப்பத்தான் எறக்கினாரு, நானும் தொடல, நீயும் தொடல. தோத்தவங்க அத்தத் தோளுல போட்டுனு சந்தைய ஒரு சுத்து வரணும். சரியா?"

நான் ஓடிப்போய் அவர் துண்டைப் பிடித்தேன். "அக்கா, வேணாம். கனம் தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. கண்ணு போயிடும்."

"தோத்தாத்தானடா தூக்கணும்."

கூட்டம் வட்டமாகியது. கறிக்கடை பாய் தன் தொங்கு தராசை எடுத்துவந்து மரக்கிளையில் மாட்டினார். அவலூர்பேட்டைக்காரர் கிடாவைச் சுற்றி வந்தார், முதுகைத் தடவினார், வயிற்றைத் தட்டினார். வயிறு பெருத்துத் தொங்கியது. "நாப்பத்தஞ்சு" என்றார். கூட்டத்தில் பல தலைகள் ஆமோதித்தன. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

அக்கா கிட்டேயே போகவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வெரல வைக்க மாட்டன். கண்ணால மட்டும்."

பின்னாலிருந்து பார்த்தார். ஒரு கண்ணை மூடினார், பிறகு மறு கண்ணை. "எந்தக் கண்ணு அவுட்டுன்னு தேடுது" என்று யாரோ சொன்னார்கள். அவருக்குக் கேட்டிருக்கும். ஒரு கல்லின் மேல் ஏறி, மேலிருந்து கிடாவின் முதுகைப் பார்த்தார். நெடுநேரம். அந்தக் கண்ணுக்குள்ளே எத்தனை மெல்லிய குழாய்கள், எத்தனை பச்சை மின்னலின் தழும்புகள், எத்தனை நடை, எத்தனை விட்ட சோறு! எல்லாம் சேர்ந்து அந்தக் கறுப்பு முதுகின் மேல் இறங்கின.

"நாப்பது. வேணுன்னா ஒரு பிடி கம்மி. வயித்தப் பாத்து ஏமாறாதீங்க, அதுல பாதி காத்து. முதுகு சொல்லுது, தொட சொல்லுது."

பாய் கிடாவின் கால்களைக் கட்டித் தராசில் ஏற்றினார். கிடா கத்தியது. தராசின் ஆட்டம் நிற்கும்வரை கூட்டம் கழுத்தை நீட்டி நின்றது. பாய் முள்ளைப் படித்தார், மறுபடி படித்தார், பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்.

"நாப்பதுக்கு ஒரு நூல் கீழ! அக்கா! அக்கா!"

புளியமரத்துக் காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. தகர டப்பாவை யாரோ அடித்தார்கள். தொண்டூர்க்காரர் தன் தலைப்பாகையை அவிழ்த்து மேலே எறிந்தார். நான்கு பக்கத்திலிருந்தும் கயிறுகள் நீண்டன, அக்கா இந்தா, அக்கா இத்தப் பாரு, அக்கா என்னுது மொதல்ல. அவர் எதையும் வாங்கவில்லை. அவலூர்பேட்டைக்காரர் மானஸ்தர், கூலிங் கிளாஸைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டுக் கிடாவைத் தோளில் ஏற்றினார். விசிலும் கூச்சலும் பின்தொடர நடந்தார். வாழைத்தார் கொட்டகையைத் தாண்டி, சந்தையின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார். தூசிக்கு நடுவே ஒரு சட்டையும் அதன் மேல் ஒரு கறுப்பும்தான் எனக்குத் தெரிந்தன.

அக்கா கையை வாய்க்குக் குவித்தார்.

"டேய் அவலூர்பேட்டத் தம்பி! நில்லு! எடது கால் செருப்பு வாரு பிஞ்சி தொங்குது பாரு! தடுக்கி வுழுந்து கிடாவக் கொன்னுடாத!"

அந்தக் கோடியில் அவர் நின்றார். கீழே பார்த்தார். காலை உதறினார், பக்கத்தில் இருந்த யாரோ எதையோ குனிந்து எடுத்து அவர் கையில் கொடுத்தார்கள். அவர் அதைத் தலைக்கு மேலே உயர்த்திச் சந்தை முழுவதற்கும் காட்டினார். வார் அறுந்த ஒற்றைச் செருப்பு.